கலரக்கா வீட்டுக்காரரின் நிறம்

எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் தயார் செய்துகொண்டு வருவார்கள். "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க." கலர் என்றால் ஏதோ நீலம், பச்சை கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முகம் வெளுக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்கு எரிச்சலாக வரும். உள்ளே இருந்தபடியே, "சுண்ணாம்பு இருக்கு, அடிச்சு விடவா?" என்று ஒரு தடவை கேட்டும்விட்டேன். முதலாளி அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

நான் பின்னறையில் பிரேம் போடுகிறவன். சட்டம் அறுப்பது, கண்ணாடி வெட்டுவது, படத்தை உள்ளே வைத்து ஆணி அடிப்பது என் வேலை. எனக்கும், கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துகிற கலரக்காவுக்கும் நடுவில் பாதி உயரத்துக்கு ஒரு பிளைவுட் தடுப்பு இருந்தது. அவள் பெருமூச்சு விட்டால் எனக்குக் கேட்கும். நான் ஆணி அடித்தால், "அண்ணே, கை நடுங்குது, கொஞ்சம் பொறுங்க" என்று அங்கிருந்து சத்தம் வரும்.

கலரக்கா என்பது அவள் பெயரில்லை. என்னைவிட வயதில் நன்றாகவே சின்னவள். ஆனால் முதலாளியிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோரும் அப்படிக் கூப்பிட்டதால் எனக்கும் அவள் அக்கா ஆகிவிட்டாள். அவள் என்னை பிரேம் அண்ணே என்பாள். நான் அவளுக்கு அண்ணன், அவள் எனக்கு அக்கா. இந்த உறவுக்கு யாரும் பெயர் வைக்க முடியாது.

அவள் செய்கிற வேலையைப் பார்த்தால் நமக்கே தலை சுற்றும். நடு மத்தியானத்தில் வியர்வை வழிய எடுத்த படத்தை மாலை வெயிலில் எடுத்தது போல மஞ்சளாக்குவாள். மழை மூட்டத்தில் எடுத்த படத்துக்கு நீல வானம் வைப்பாள். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, கல்யாணப் பெண்ணின் கையில் இருக்கிற பூ மட்டும் சிவப்பு. இப்படி ஒரு காலம் எல்லோரும் கேட்டார்கள். ஒரு குடும்பம் வந்தது. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை, விசேஷத்துக்கு ஆளுக்கொரு நிறத்தில் சட்டை போட்டு வந்துவிட்டார்கள். அத்தனை பேர் சட்டையையும் ஒரே நீலமாக மாற்றித் தரச் சொன்னார்கள். மாற்றித் தந்தாள். பிரேம் போட்டது நான். பார்க்கிறவர்கள் என்ன ஒற்றுமை என்று வியந்திருப்பார்கள்.

இதெல்லாம் எப்போதாவது வருகிற வேலை. தினமும் வருகிற வேலை முகம் வெளுப்பதுதான். அதற்கென்று அவள் ஒரு குறுக்குவழி செய்துவைத்திருந்தாள். கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் முகம், கழுத்து, கை எல்லாம் ஒரே மூச்சில் வெளுக்கும். பரு, மரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையம் எல்லாம் மறையும். மற்ற பட்டன்களில் எழுத்து இருந்தது. அந்த ஒன்று மட்டும் எழுத்துத் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது.

முதலாளி நல்லவர்தான், ஆனால் இரண்டு விஷயத்தில் பிடிவாதக்காரர். ஆல்பத்தில் இடது பக்கம் இருக்கிறவர் வலது பக்கம் பார்க்க வேண்டும், வலது பக்கம் இருக்கிறவர் இடது பக்கம் பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவரே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்திருந்தார். அதனால் கலரக்கா பாதிப் படங்களைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திருப்பிவிடுவாள். இரண்டாவது, கம்ப்யூட்டரில் இடம் போதாது. "எவன் வந்து பழசைக் கேக்கப்போறான்? மேலயே சேவ் பண்ணும்மா" என்பார். அவளும் வேலை செய்த படத்தை அசல் படத்தின் மேலேயே சேமித்துவிடுவாள். அசல் போய்விடும். இத்தனை வருஷத்தில் யாரும் வந்து, எங்கே என் கறுப்பு முகம் என்று கேட்டதில்லை.

அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அதை அவளே சொல்வாள். "அண்ணே, கண்ணை மூடுனாலும் வெள்ளையா மூஞ்சி மூஞ்சியா வருது. தெருவுல நடந்தா எதுத்தாப்புல வர்றவங்க மூஞ்சியில எந்த இடத்துல தேய்க்கணும்னு கை பரபரங்குது." சொல்லிவிட்டுக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்வாள். மணிக்கட்டுக்குக் கீழே பழைய துண்டை மடித்து வைத்திருப்பாள். பிறகு மறுபடியும் குனிந்துகொள்வாள்.

அவள் வீட்டுக்காரர் சமையல் கேஸ் சிலிண்டர் போடுகிறவர். கிடங்கிலிருந்து மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு மாடி மாடியாகத் தூக்கிப்போவார். நல்ல கறுப்பு. வெயில் பட்டால் இன்னும் ஒரு படி ஏறும். வலுவான ஆள், ஆனால் பேச்சு கிடையாது. கடை வாசலில் வண்டியை நிறுத்தி, அவள் சாப்பாட்டுப் பையை நீட்டிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். ஒரு தடவை சிலிண்டரின் விளிம்பு இடித்துப் புருவம் கிழிந்தது. அந்த இடத்தில் முடி முளைக்காமல் கோடு மாதிரி நின்றுவிட்டது.

கல்யாணத்தின்போது அவள் வீட்டு ஆட்கள் அவரைப் படாதபாடு படுத்தியிருக்கிறார்கள். "கரெண்டு போனா மாப்பிள்ளையைக் கை வெச்சுத்தான் தேடணும்" என்று சாப்பாட்டுப் பந்தியிலேயே ஒரு மாமா சொல்ல, எல்லோரும் சிரிக்க, இவரும் கூடச் சேர்ந்து சிரித்தாராம். "அவரு சிரிச்சதுதாண்ணே எனக்குத் தாங்கல" என்று அவள் என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போன எந்தப் படத்திலும் அவர் கறுப்பாக இல்லை. கல்யாண ஆல்பத்தை அவளே உட்கார்ந்து வெளுத்தாள். குழந்தை பிறந்தபோது எடுத்த படம், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் எடுத்த படம், அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம், எல்லாமே அந்த ஒரு பட்டன்தான். சொந்தக்காரர்களில் ஒருவரும் வாய் திறக்க முடியாமல் செய்துவிட்டாள். அவரிடம் காட்டினால் வாங்கிப் பார்ப்பார், "நல்லாருக்கு" என்பார், மகளிடம் கொடுத்துவிட்டுக் கைகழுவப் போய்விடுவார்.

அவர் ஒருநாள் கிடங்கிலிருந்து கிளம்பி வீடு வந்து சேரவில்லை.

குடிக்கிறவர் இல்லை, சொல்லாமல் எங்கும் போகிறவர் இல்லை. போன் அடித்தால் அணைத்திருக்கிறது என்றது. விடிந்ததும் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு படிக்கிறவள், அப்பாவை உரித்து வைத்த நிறம், அப்பாவை உரித்து வைத்த பேச்சின்மை. முதலாளி விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார். "அம்மா, முதல்ல ஒரு போஸ்டர் அடி. எவ்வளவு வேணாலும் அடி" என்றார். அவரையும் சும்மா சொல்லக் கூடாது.

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இருக்கிற படங்களிலேயே நல்ல படமாக எடுத்தாள். ஒரு விசேஷத்தில் கோடு போட்ட சட்டையோடு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படம். மேலே "காணவில்லை" என்று சிவப்பில் போட்டாள். கீழே விவரம். நிறம் என்ற இடத்தில் "மாநிறம்" என்று அடித்தாள். நம் ஆட்கள் யாரும் கறுப்பு என்று சொல்ல மாட்டார்கள், அடுப்புக்கரியாக இருந்தாலும் மாநிறம்தான். அச்சுக்கு அனுப்புகிறதற்கு முன்னால் அவள் விரல் தன்போக்கில் மேல் வரிசைப் பட்டனை அழுத்தியது. இதை அவளே பிறகு சொன்னாள். ஏற்கெனவே வெளுத்த படம் இன்னும் ஒரு தடவை வெளுத்தது. அவளுக்கு அப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பட்டன் மட்டும் ஓடியிருக்கிறது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். எழுதுகிறவர் போஸ்டரைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார், "அங்க அடையாளம் ஏதாவது? மச்சம், தழும்பு?"

அவள் அவர் கையிலிருந்த படத்தை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

எனக்கே அப்போது உறைக்கவில்லை. ஆள் காணோம் என்கிற கவலையில் இருந்தோம். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிகளுக்குப் போனோம். வாசலில் இருக்கிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி ஆள் யாரும் வரவில்லை என்றார்கள். நான் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம், மார்க்கெட், கிடங்கு வாசல் எல்லா இடத்திலும் ஒட்டினேன். வெளியூருக்குப் போகிற சிலிண்டர் லாரிக்காரர்களிடம் கட்டுக் கட்டாகக் கொடுத்து, போகிற வழியெல்லாம் ஒட்டச் சொன்னோம். அவர்களும் நல்ல மனசோடு வாங்கிக்கொண்டார்கள்.

போன் வரத்தான் செய்தது. ஒருவர் பேங்க் வாசலில் பார்த்தேன் என்றார். போனால் அவர் அந்த பேங்க்கின் மேனேஜர். இன்னொருவர் பெரிய ஓட்டலில் பார்த்தேன் என்றார். ஒரு அம்மா, காரிலிருந்து இறங்கினார், உங்கள் படத்தில் இருக்கிறவர்தான், சத்தியம் என்றார். ஒவ்வொரு தடவையும் கலரக்கா ஓடுவாள், திரும்பி வருவாள். வந்து மறுபடியும் அந்த நாற்காலியில் உட்காருவாள். ஒரு கல்யாண ஆல்பம் பாதியில் நின்றது. பெண் வீட்டார் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். "வீட்டுக்குப் போம்மா, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று முதலாளி சொல்லியும் அவள் போகவில்லை. "வீட்டுல உக்காந்து என்ன பண்ணட்டும் சார்?" என்று கேட்டாள். போஸ்டரில் கடை நம்பரைத்தான் போட்டிருந்தாள். போன் இங்கேதான் வரும். அழுதுகொண்டே அந்தக் கல்யாணப் பெண்ணை வெளுத்தாள். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் சுத்தியலைத் தொடவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கிடங்கிலிருந்து ஒருவர் வந்தார். சிலிண்டர் போடுகிறவர்தான். கலரக்கா வீட்டுக்காரரோடு ஒரே வண்டியில் வருஷக்கணக்கில் வேலை பார்த்த கூட்டாளி. லீவில் ஊருக்குப் போய்விட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு நேரே ஓடிவந்திருக்கிறார்.

"என்னக்கா இது, இப்படி ஆயிப்போச்சு? போஸ்டர் கீஸ்டர் எதுவும் அடிக்கலையா? அடிச்சுக் குடுங்க, நான் சைக்கிள்லயே போய் ஒட்டிட்டு வர்றேன்" என்றார்.

"கிடங்கு வாசல்லயே ஒட்டியிருக்கேனே, பாக்கலையா?" என்றேன் நான்.

"கிடங்கு வாசல்லயா? அங்க வேற யாரோ ஒரு ஆபீசர் படம்ல ஒட்டியிருக்கு. அவரும் பாவம் காணாம போயிட்டாரு போல."

அவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். மேசையிலிருந்த போஸ்டரை எடுத்தார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். சட்டையைப் பார்த்ததும் அவருக்கு வாய் திறந்துகொண்டது. "அட, இது அண்ணன் சட்டை" என்றார்.

கலரக்காவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டாள். அதுவரைக்கும் இல்லாத பயம் அப்போதுதான் அவளைப் பிடித்தது. வீட்டுக்காரர் எங்கோ தொலைந்துபோனது ஒரு பக்கம். அவரைத் தேடச் சொல்லி அவள் ஊருக்கெல்லாம் காட்டியது வேறு ஒரு ஆளை.

"நாசமா போச்சு அண்ணே" என்றாள். "நானே மறைச்சு வெச்சுட்டு நானே தேடிட்டு இருக்கேன்."

அதற்குப் பிறகு அசல் படம் தேடினோம். கம்ப்யூட்டரில் இருந்ததெல்லாம் வெளுத்தவை. அவள் போனில் இருந்தவையும் அப்படித்தான், படம் எடுக்கும்போதே போன் தன் பங்குக்கு வெளுத்துவிடும். அப்படி வைத்ததும் அவள்தான். மிச்சம் இருந்தவற்றைக் கடைக்குக் கொண்டுவந்து வேலை செய்துவிட்டு, போனில் இடமில்லை என்று அழித்திருந்தாள். அவருடையது வெறும் பட்டன் போன், அதுவும் அவரோடு போய்விட்டது. கிடங்கில் கொடுத்திருந்த அடையாள அட்டையை வாங்கி வந்து பார்த்தோம். அதிலும் கதாநாயகன் மாதிரி உட்கார்ந்திருந்தார். கூட்டாளியிடம் கேட்டால், "நாங்க எங்கக்கா படம் புடிச்சோம், சிலிண்டர் தூக்கவே நேரம் சரியா இருக்கும்" என்றார்.

மகள் அதுவரை ஒரு மூலையில் நின்றிருந்தாள். அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்பாவோட நெஜ மூஞ்சி ஒண்ணுகூடவாம்மா இல்ல?"

"இல்லடி."

"என்னோடது?"

அவள் குனிந்து கீபோர்டைப் பார்த்தாள்.

"என் போட்டோவையும் நீ வெள்ளையாத்தானே ஆக்கியிருக்க? நாளைக்கு நான் காணாம போனா யாரைத் தேடுவ?" அந்தப் பெண் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். முதலாளி வாசல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். பிள்ளையைப் பெற்றவளிடம் இந்தக் கேள்வி கேட்கக் கூடாது என்று அதட்டலாம் போலவும் இருந்தது, அதட்ட நான் யார் என்றும் இருந்தது.

கலரக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்க வா. கையைக் காட்டு" என்றாள்.

மகளின் கையைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைக் கறுப்பாக்க ஆரம்பித்தாள். திரையில் ஒரு கோடு, அதில் ஒரு சின்னப் பொத்தான். வலது பக்கம் இழுத்தால் வெளுக்கும், இடது பக்கம் இழுத்தால் கறுக்கும். அத்தனை வருஷத்தில் அவள் அதை இடது பக்கம் இழுத்து நான் பார்த்ததில்லை. இழுத்தாள். வந்தது அவர் முகமில்லை, புகை பிடித்த பாத்திரம். வெளுக்கும்போது அந்தப் பட்டன் நிறத்தை மட்டும் எடுக்கவில்லை. நெற்றிக் கோடுகள், கன்னத்துச் சொரசொரப்பு, மூக்குக்குப் பக்கத்தில் இருந்த குழிகள், எல்லாவற்றையும் மெழுகிவிட்டிருந்தது. இல்லாததை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

"அண்ணே, உங்க மூஞ்சி வேணும்" என்றாள் திடீரென்று.

"எதுக்கு?"

"உங்களுக்கும் வெயில்ல காஞ்ச மூஞ்சி. கன்னமும் நெத்தியும் மட்டும் குடுங்க."

என்னை ஸ்டூலில் உட்காரவைத்துப் படம் எடுத்தாள். இந்தத் தடவை எந்தப் பட்டனையும் தொடவில்லை. என் கன்னத்துத் தோலையும் நெற்றிச் சுருக்கத்தையும் வெட்டி அவர் முகத்தில் ஒட்டினாள். நிறத்துக்கு மகளின் கையைப் பார்த்துக்கொண்டாள். காதோரம் நரை வைத்தாள்; அதையும் அவள்தான் ஒரு காலத்தில் கறுப்பாக்கியிருந்தாள். கண்ணுக்குக் கீழே பை வைத்தாள். "இன்னும் கொஞ்சம் கறுப்பும்மா" என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் கடையில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் அதுவரை சொன்னதில்லை.

கடைசியில் புருவத்து வெட்டுக்கு வந்தாள். அங்கே கை நின்றுவிட்டது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

ஒருவருக்கும் தெரியவில்லை. படங்களை வைத்துச் சொல்ல முடியாது. எதைத் திருப்பினாள், எதைத் திருப்பவில்லை என்று அவளுக்கே ஞாபகமில்லை. ஒரு படத்தில் வகிடு இந்தப் பக்கம், இன்னொன்றில் அந்தப் பக்கம். மகள் இடது என்றாள், கூட்டாளி வலது என்றார், நான் அவரைத் தினமும் பார்த்தவன், வெட்டு இருந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். கலரக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டுன புருஷன் மூஞ்சி எனக்குத் தெரியல அண்ணே. வீட்டுல இருந்த மனுஷனைவிட இதுல இருக்கிறவரைத்தான் நான் ரொம்ப நேரம் பாத்திருக்கேன்."

கலரக்கா நாற்காலியை என் பக்கமாகத் திருப்பினாள். "அண்ணே, அப்படியே இருங்க. அவரு அடிபட்டு வந்தப்ப ஸ்டூல்லதான் உக்கார வெச்சேன். நான்தான் மருந்து போட்டேன்." கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையால் என் தாடையைப் பிடித்தாள். வலது கையின் விரலை, மருந்து தொட்டது போல, மெதுவாக நீட்டினாள். விரல் காற்றில் கொஞ்சம் தடுமாறியது. பிறகு நேராக வந்து என் இடது புருவத்தில் நின்றது. "ஊதிக்கிட்டே போட்டேன்" என்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி போனதிலிருந்து யாரும் என் முகத்தை அப்படித் தொட்டதில்லை. அதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை, தோன்றியது, சொல்கிறேன்.

"இடதுதான்" என்று கண்ணைத் திறந்தாள்.

வெட்டைப் போட்டாள். மகள் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டாளி, "அண்ணன்தான்" என்றார். பிறகு கீழே விவரத்துக்கு வந்து, மாநிறம் என்பதை அழித்தாள். "கறுப்பு" என்று அடித்தாள். அடையாளம்: இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

அந்தப் போஸ்டரை ஊரெல்லாம் பழைய போஸ்டரின் மேலேயே ஒட்டினோம். எனக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. லாரிக்காரர்களுக்கும் கொடுத்தோம். அதற்குப் பிறகு பேங்க் மேனேஜர்களைப் பற்றி யாரும் போன் செய்யவில்லை. ஒரே ஒரு போன்தான் வந்தது. இரண்டு ஊர் தள்ளி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து. பேசியது வார்டில் வேலை பார்க்கிற ஒரு அம்மா.

முதலாளி கடையைச் சாத்திவிட்டு அவர் காரிலேயே எங்களைக் கூட்டிப்போனார். வழியெல்லாம் மகள் கலரக்காவின் தோளில் சாய்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அந்த வார்டு அம்மா வாசலிலேயே காத்திருந்தார். பருத்த உடம்பு, கையில் துடைப்பக் கட்டை, உரக்கப் பேசுகிறவர்.

"ஏதோ வண்டி இடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கும்மா. உங்க ஊர் ஆஸ்பத்திரியில கட்டில் இல்லைன்னு ஆம்புலன்ஸ்காரங்க இங்க கொண்டாந்துட்டாங்க. தலையில அடி. பேரைக் கேட்டா யோசிக்கிறாரு, யோசிக்கிறாரு, வர மாட்டேங்குது. ஆனா இப்ப பரவால்ல, கஞ்சி குடிக்கிறாரு. பயப்படாத. நேத்து லாரிக்காரரு ஒருத்தரு போஸ்டர் கொண்டாந்தாரு. பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நம்ம ஆளுன்னு."

பேசிக்கொண்டே எங்களை உள்ளே கூட்டிப்போனார். நீளமான கூடம். வரிசையாகக் கட்டில்கள். நடுவில் தூண்கள். ஒரு தூணில் கோடு போட்ட சட்டையோடு எங்கள் முதல் போஸ்டர் ஒட்டியிருந்தது. அதற்கு நேர் எதிரே இருந்த கட்டிலில் அவர் தலையில் கட்டோடு படுத்திருந்தார். தூணைப் பார்த்தபடி.

கலரக்கா அப்படியே நின்றுவிட்டாள். வார்டு அம்மா அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார்.

"அதுவா? அதை முன்னாடியே ஒட்டிட்டுப் போயிட்டாங்க. அதுலயும் உங்க போன் நம்பர்தானாம்மா? எனக்கு அப்பவே மூக்கு, காதை வெச்சு ஒரு சந்தேகம். இவரு எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். இது நீங்களாய்யான்னு கேட்டேன். கிட்டப் போய் ரொம்ப நேரம் பாத்தாரு. 'நான் இல்லம்மா, இவரு வேற யாரோ'ன்னுட்டாரு. 'பாவம், இவரை வீட்டுல தேடிட்டு இருப்பாங்க'ன்னு வேற சொன்னாரு."

"அப்புறம்?" என்று நான்தான் கேட்டேன்.

"உங்களைத் தேட மாட்டாங்களாய்யான்னு கேட்டேன். திரும்பி வந்து படுத்துக்கிட்டாரு."

கலரக்கா கட்டில் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவர் மெதுவாகத் திரும்பினார். அவளைப் பார்த்தார், நின்றுகொண்டிருந்த மகளைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். எவ்வளவோ தூரத்திலிருந்து நடந்து வருகிற ஆள் மாதிரி அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது.

"ஏன் இவ்வளவு நாளா யாரும் வரல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். மகள்தான் கட்டிலின் மேல் குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்.

"எங்ககிட்ட உங்க போட்டோ ஒண்ணுகூட இல்லப்பா."